அடுத்த மெச் எப்போது?

கடந்த தவணையில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பாடசாலையில் பழைய மாணவியருக்கும் எங்களுக்கும் இடையே சிநேகபூர்வக் கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்று நடந்தது. பழைய மாணவியர் அணிக்கு ஒருவர் குறைந்துபோனதால், பார்ப்பதற்கென்று வந்திருந்த என் ராத்தாவை எல்லோரும் சேர்ந்து உள்ளே இழுத்துவிட்டார்கள். ராத்தா ஒரு காலத்தில் இதே கோர்ட்டில் அணித்தலைவியாக இருந்தவர். உயர்தரப் பரீட்சை எழுதியதிலிருந்து பந்தைத் தொட்டதில்லை. இப்போது அவருக்குப் பத்து மாதத்தில் ஒரு மகன். பிள்ளையை உம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, என் பையில் மேலதிகமாக இருந்த நீளக்கை டீசேர்ட்டையும் ட்ரக் பொட்டத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மொத்தம் பதினொரு நிமிடம் விளையாடியிருப்பார். முதல் பாஸ் நேராகக் கோட்டுக்கு வெளியே போனது. மூன்றாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு இடது மூலையில் அவருக்குப் பந்து கிடைத்தது. ஒரு கணம் நின்று, திரும்பி எறிந்தார். பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மகன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். ராத்தா வெளியே வந்தார்.

தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "அடுத்த மெச் எப்ப புள்ள?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வருஷம், யாராச்சும் ஒழுங்குபடுத்தினா" என்றேன்.

"அப்ப நான் ரெண்டாவது புள்ளையோடதான் வரணும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். களுபோவிலைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

பாடசாலையில் இருக்கும் வரை அந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் இருக்கிறது. வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம், இடையில் அழைப்புச் சுற்றுப்போட்டிகள். அறிவித்தல் பலகையில் திகதி ஒட்டியிருக்கும். அந்தத் திகதிக்காகத்தான் அதிகாலையில் எழுகிறோம், டியூஷனை நேரம் மாற்றுகிறோம், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்கிறோம். உயர்தரத்தின் கடைசிப் பாடம் எழுதி முடிகின்ற நாளில் அந்தப் பலகை எங்களுக்கு இல்லாமல் போகிறது. திறமை அப்படியே இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. திகதி மட்டும் இல்லை. திகதி இல்லாத விளையாட்டு, ஆறு மாதத்துக்குள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

எங்கள் பெண்கள் ஏன் விளையாட்டைத் தொடர்வதில்லை என்று கேட்டால், பெரியவர்கள் அனுமதி இல்லை என்பார்கள். ஆசிரியர்கள் அர்ப்பணிப்பு இல்லை என்பார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் யாருக்கும் அனுமதி மறுப்பதற்கோ அர்ப்பணிப்பு காட்டுவதற்கோ முதலில் ஒரு போட்டி இருக்க வேண்டுமே! எங்களுக்கு இல்லாதது ஒரு பருவகாலம். அதாவது, பாடசாலையை விட்டு வந்த பெண்களுக்கென்று, வீட்டுக்கு எட்டும் தூரத்தில், ஒவ்வொரு வாரமும் நடக்கின்ற ஒரு லீக்.

லீக்குக்கும் நாங்கள் பழகிய சுற்றுப்போட்டிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் சுற்றுப்போட்டிகள் பல 'நொக் அவுட்' முறையில் நடப்பவை. ஒரு தடவை தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். லீக்கில் அப்படியில்லை. இந்தச் சனிக்கிழமை தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு ஆட்டம் உண்டு. சர்வதேசக் கூடைப்பந்தாட்ட விதிகளில் புள்ளிப் பட்டியல் கணக்கிடும் முறையைப் பாருங்கள்: வென்ற அணிக்கு 2 புள்ளி, தோற்ற அணிக்கு 1 புள்ளி, வராமலே விட்ட அணிக்கு 0. தோற்பதற்கும் ஒரு புள்ளி! கணித பாடத்தில் எனக்கு எப்போதும் கிடைக்காத சலுகை இது. வந்து நின்று தோற்றவளையும் வராதவளையும் அந்த விதி ஒன்றாகப் பார்ப்பதில்லை.

இப்படியான லீக்குகள் எல்லாம் கோடிக்கணக்கில் பணம் புரள்பவை என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 'என்.பி.எல். வன்' என்று ஒரு லீக் இருக்கிறது. 2019இல் நாட்டின் தெற்குப் பகுதியில் தொடங்கி, பின்னர் வடக்கு, மத்தி, மேற்கு, கிழக்கு என்று ஐந்து பிராந்தியங்களாக வளர்ந்தது. ஒரே கழகத்துக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் உண்டு. இதை அரைத் தொழில்முறை லீக் என்கிறார்கள். முழுநேரச் சம்பளத்தில் வாழும் விளையாட்டு அல்ல, முற்றிலும் கைக்காசில் ஆடும் விளையாட்டும் அல்ல. சிலருக்குச் சிறு கொடுப்பனவு கிடைக்கும். மற்றவர்கள் வேலைக்கும் வகுப்புக்கும் போய்விட்டு வார இறுதியில் வந்து ஆடுகிறவர்கள். பெரிய நகரங்களின் அணிகளோடு சிறிய ஊர்களின் அணிகளும் அதில் இருக்கின்றன.

அந்தச் சிறிய ஊர்களில் ஒன்றிலிருந்துதான் நான் மிகவும் விரும்புகின்ற கதை வருகிறது. லோரன் ஜெக்சன் என்ற வீராங்கனையை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கில் மூன்று தடவை அதிசிறந்த வீராங்கனை விருது பெற்றவர். முழங்கால் உபாதையால் 2016இல் ஓய்வை அறிவித்தார். இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். 2022இல், தான் பிறந்து வளர்ந்த ஊரான அல்பரியின் அணிக்காக அந்தப் பிராந்திய லீக்கில் மீண்டும் ஆடத் தொடங்கினார். அல்பரி, மெல்பேர்னிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிக தூரத்தில், மரே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அங்கே அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தேசிய அணி அவரைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு சிட்னியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 41. பின்னர் 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் அவருடைய மனவுறுதியைப் பாராட்டுகிறார்கள். அது சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அவர் திரும்பி வர நினைத்த அன்று, சொந்த ஊரில் ஒரு அணி இருந்தது. அந்த அணிக்கு அடுத்த வாரம் ஒரு ஆட்டம் இருந்தது. அது இல்லாவிட்டால் எவ்வளவு மனவுறுதி இருந்தும் அவர் வீட்டு முற்றத்தில்தான் பந்து தட்டியிருப்பார். என் ராத்தா லோரன் ஜெக்சன் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு மீண்டும் ஓட விரும்பும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது இருவருக்கும் ஒன்றுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டம்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் எங்கள் நாட்டுக்கே வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. வலைப்பந்தாட்டமும் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்த சகோதரி விளையாட்டுத்தான். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது, 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவரைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எழுதியவர்களில் பலர் உயரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் உயரம் மட்டும் ஒரு பெண்ணை இத்தனை வருடம் ஆட்டத்தில் வைத்திருக்காது. அவருக்கு இங்கே ஒரு வங்கியின் வேலையும் அந்த வங்கியின் அணியும் இருந்தன. பிறகு மெல்பேர்னில், விக்டோரியா மாநில வலைப்பந்தாட்ட லீக்கில் ஆடினார். அதுவும் நான் மேலே சொன்னதைப் போன்ற ஒரு பிராந்திய லீக்தான். உயரம் அல்லாஹ் கொடுத்தது. வாராவாரம் ஆடும் வாய்ப்பை மனிதர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். முதலாவதை நாங்கள் செய்ய முடியாது. இரண்டாவதைச் செய்யலாம்.

இங்கே பாடசாலையை விட்ட பிறகு தொடர விரும்பும் பெண்ணுக்குப் பெரும்பாலும் திறந்திருப்பவை முப்படை அணிகளும் வர்த்தக நிறுவனங்களின் அணிகளும்தான். அந்த அணிகளில் ஆடுகிற சகோதரிகள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வகுப்பில் இருக்கிறவர்களை எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியையாகப் போகிறவள், தாதியாகப் போகிறவள், வீட்டிலிருந்தே தையல் செய்யப் போகிறவள், அடுத்த வருடமே நிக்காஹ் ஆகப் போகிறவள். இவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவுகளால் நுழைவார்கள்?

இனி ஸ்காபுக்கு வருவோம். நான் இந்த விடயத்தைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அதெல்லாம் எங்கட உடுப்போட சரிவராது" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. சர்வதேசச் சம்மேளனத்தின் பழைய விதி தலையை மூடுவதற்கு இடம் கொடுக்கவில்லை. 5 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பட்டியைத்தான் கட்டலாம். 2014 செப்டெம்பரில் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், மொங்கோலியாவுக்கு எதிராக ஆட வந்த கட்டார் பெண்களிடம் ஹிஜாபைக் கழற்றும்படி சொன்னார்கள். அவர்கள் கழற்றவில்லை. ஆடாமலே திரும்பினார்கள்.

அமெரிக்காவில் பில்கீஸ் அப்துல் காதிர் என்ற பெண், மசசூசெற்ஸ் மாநிலப் பாடசாலைப் போட்டிகளில் 3,070 புள்ளிகள் எடுத்தவர். ஆண்களையும் சேர்த்து அந்த மாநிலத்தின் சாதனை அது. பல்கலைக்கழக அணியிலும் ஹிஜாபோடு ஆடினார். அடுத்ததாக ஐரோப்பாவில் தொழில்முறையில் ஆட விரும்பியபோது அதே விதி குறுக்கே நின்றது. அவரும் அவரைப் போன்றவர்களும் வருடக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2017 மே மாதம் ஹொங்கொங்கில் கூடிய சம்மேளனம் விதியை மாற்றியது. அந்த ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2017இல் வந்த அந்த விதியின்படி தலைமறைப்பு கறுப்பாகவோ வெள்ளையாகவோ சீருடையின் நிறத்திலோ இருக்க வேண்டும், அணியில் எல்லோருக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது, ஊசி போன்ற ஆபத்தான எதுவும் இருக்கக் கூடாது. நிபந்தனைகள் அவ்வளவுதான். என் உம்மா டீசேர்ட் துணியில் தைத்துத் தந்த ஸ்காப் இந்த நான்கிலும் சித்தியடையும்.

ஆனால் பில்கீஸின் கதையில் ஒரு வலி இருக்கிறது. விதி மாறியபோது அவருடைய ஆட்ட வயதின் நல்ல வருடங்கள் காத்திருப்பிலேயே போய்விட்டன. எங்கள் நிலைமை அதற்கு மறுபக்கம். எங்களுக்கு விதி திறந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. நாங்கள் இன்னும் கோர்ட்டுக்கு வரவில்லை. இனியும் விதியைக் குறை சொன்னால் அது நியாயமாகாது.

அடுத்த தடை, "ஆம்பிளைகள் பார்ப்பாங்களே" என்பது. என் உம்மாவுடைய கவலை இதுதான். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு தகவல் இருக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது 1891 டிசம்பரில். அதற்கு ஒன்றரை வருடம்கூட ஆகாத 1893 மார்ச்சில், செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அமெரிக்காவின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் முதலாம் வருட மாணவியரையும் இரண்டாம் வருட மாணவியரையும் மோதவைத்தார். பெண்கள் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் மிகப் பழைய போட்டிகளில் ஒன்று அது. அந்த மண்டபத்துக்குள் ஆண் பார்வையாளர்களை விடவில்லை. ஆக, பெண்கள் மட்டும் கூடி ஆடுவது எங்களுடைய சமூகம் புதிதாகக் கண்டுபிடித்த வினோதம் அல்ல. இந்த விளையாட்டே பெண்களிடம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பெண்கள் பாடசாலை ஒன்றின் உள்ளரங்கில், பெண் நடுவர்களோடு, சனிக்கிழமை காலையில் நடக்கும் லீக்குக்கு என் உம்மாவே மருமகன் சகிதம் பார்வையாளராக வருவார். அவருக்கு விதிகள் தெரியாது, ஆனால் எங்களை விடச் சத்தமாகக் கத்துவார்.

என் தோழி ஒருத்தி இதற்கு எதிர்மாறாகக் கேட்டாள்: "ஏன் நாங்க மூடின கதவுக்குள்ள மட்டும் ஆடணும்? அது எங்களை நாங்களே ஒதுக்கிக்கொள்றதில்லையா?" நல்ல கேள்வி. என் பதில் இதுதான். வெளியே ஆட விரும்புகிறவளை யாரும் தடுக்கக் கூடாது. அவள் தேசிய அணி வரை போகட்டும், இன்ஷா அல்லாஹ் போவாள். ஆனால் அவள் ஒருத்திக்காக மற்றப் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பதினொரு பேரும் வாராவாரம் ஆடினால்தான் அவளுக்கும் பயிற்சி கிடைக்கும். நல்ல வீராங்கனைக்கு எதிரே நின்று ஆடவும் ஆள் வேண்டுமே.

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வது ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸ். இல்ல விளையாட்டுப் போட்டி உரைகளில் அது இடம்பெறாத வருடம் இல்லை. ஆனால் நாங்கள் பெரும்பாலும் முதல் ஓட்டத்தைத்தான் சொல்கிறோம், அதில் ஆயிஷா (ரழி) வென்றார்கள் என்று முடித்துவிடுகிறோம். அந்த ஹதீஸில் இரண்டாவது ஓட்டமும் இருக்கிறது. காலம் கடந்து, உடல் கனத்த பிறகு, இருவரும் மீண்டும் ஓடினார்கள். அந்த முறை நபி (ஸல்) அவர்கள் வென்று, அன்றைய ஓட்டத்துக்கு இது ஈடு என்று சொன்னார்கள். என் மனதில் நிற்பது அந்த இரண்டாவது ஓட்டம். இள வயதில் ஓடிய பெண், உடல் மாறிய பிறகும் ஓடினார்கள், தோற்றார்கள், அதுவும் அன்பாகவே நினைவுகூரப்படுகிறது. எங்கள் பாடசாலைகள் முதல் ஓட்டத்துக்கு இடம் கொடுக்கின்றன. இரண்டாவது ஓட்டத்துக்கு எங்கே இடம்?

இன்னொரு தடை தூரம். பெரிய போட்டிகள் என்றால் கொட்டாஞ்சேனைப் பக்கம் சுகததாச உள்ளக அரங்குக்குப் போக வேண்டும். களுபோவிலையிலிருந்து 176இல் ஏறினால் நுகேகொடை, பொரளை என்று கொழும்பையே சுற்றிக்கொண்டு போகும். பாடசாலை வேனில் ஆசிரியையோடு போன காலத்தில் அது சுற்றுலா. கைக்குழந்தையோடும் வேலைக் களைப்போடும் அது ஒரு முழு நாள். அதனால்தான் பிராந்திய லீக் என்கிறேன். தெஹிவளை, களுபோவில, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கத்துக்கு ஒன்று. கொட்டாஞ்சேனை, மருதானை பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டு பக்கத்திலும் முதலாவதாக வரும் அணிகள் வருடத்துக்கு ஒரு தடவை சுகததாசவில் சந்திக்கட்டும். அன்றைக்கு எல்லோருமாக 176இல் போவோம்.

கனவு காண்பது எளிது என்பீர்கள். கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். ஆறு அணிகள். ஓர் அணிக்கு 12 பேர் என்றால் 72 பெண்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் இரண்டு தடவை ஆடினால் மொத்தம் 30 ஆட்டங்கள், ஓர் அணிக்கு 10. ஒரு ஆட்டம் பத்து நிமிடங்களைக் கொண்ட நான்கு கால்பகுதிகள். இடைவேளை, நேர நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலம். காலை 7.30க்குத் தொடங்கினால் ஒரே கோர்ட்டில் மூன்று ஆட்டங்களை நண்பகல் 12 மணிக்குள் முடித்து லுஹருக்கு வீட்டுக்குப் போகலாம். ஒரு சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டங்கள் என்றால் 30 ஆட்டங்களுக்குப் பத்துச் சனிக்கிழமைகள். வருடத்தில் 52 சனிக்கிழமைகள் இருக்கின்றன. ரமழானையும் இரண்டு பெருநாட்களையும் பரீட்சை மாதங்களையும் கல்யாண வீடுகளையும் கழித்தாலும் பத்து மிஞ்சும்.

கோர்ட் புதிதாகக் கட்டத் தேவையில்லை. இந்தப் பகுதியில் கோர்ட் உள்ள பெண்கள் பாடசாலைகள் பல இருக்கின்றன. வார இறுதியில் அவை எத்தனை மணித்தியாலம் பூட்டிக் கிடக்கின்றன என்று அந்தந்தப் பாடசாலை மாணவிகளுக்குத் தெரியும். 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம், 3.05 மீற்றர் உயரத்தில் இரண்டு வளையங்கள். இவை ஏற்கெனவே இருக்கின்றன. அணிகளும் ஏறக்குறைய இருக்கின்றன. ஒவ்வொரு பாடசாலையின் பழைய மாணவியர் சங்கமும் ஓர் அணியைக் கொண்டுவரலாம். சங்கக் கூட்டங்களில் பகற்போசன விருந்துக்கும் கண்காட்சிச் சந்தைக்கும் ஒதுக்கும் உழைப்பில் ஒரு பங்கு போதும்.

பணம் எதற்குத் தேவை? மூன்று விடயங்களுக்கு. முதலாவது, நடுவர்களுக்கு. பெண் நடுவர்கள் வேண்டும் என்று கேட்கிறோம். ஆகவே அவர்களுக்கு உரிய கொடுப்பனவு கொடுக்க வேண்டும். இந்த லீக்கில் முதல் தொழில்முறைப் பெண்கள் அவர்களாக இருக்கட்டும். இரண்டாவது, வீராங்கனைகளின் போக்குவரத்துக்கு. பஸ் காசுக்குக் கணவனிடமோ வாப்பாவிடமோ கேட்க வேண்டியிருந்தால் மூன்றாவது வாரம் அவள் வர மாட்டாள். மூன்றாவது, கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும். பெரிய லீக்குகளின் வரவு செலவில் விளம்பரமும் வெளிச்சமும் முதலில் வரலாம். எங்களுடையதில் பிள்ளைகளுக்கான பாய் முதலில் வர வேண்டும். ராத்தா பதினொரு நிமிடத்தில் வெளியே வந்தது மூச்சு வாங்கியதால் அல்ல. மகன் அழுததால்.

"விளையாடி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எங்கள் பக்கத்து மைதானத்தில் அஸருக்குப் பிறகு மென்பந்துக் கிரிக்கெட் ஆடும் நானாமார்களில் ஒருவர்கூடத் தேசிய அணிக்குப் போகப் போவதில்லை. அவர்கள் ஆடுகிறார்கள், ஏனென்றால் நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. வயிறு பெருத்தாலும் வருகிறார்கள். கல்யாணம் முடித்தாலும் வருகிறார்கள். அது அவர்களுக்கு உடல்நலம், நட்பு, மன ஆறுதல் எல்லாமாக இருக்கிறது. அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக் நாட்களில் நீரிழிவுக்கும் முழங்கால் வலிக்கும் வரிசையில் காத்திருக்கும் எங்கள் தாய்மாரையும் மாமிமாரையும் பார்க்கும்போது அந்தப் பொறாமை கோபமாக மாறுகிறது. அவர்களில் எத்தனை பேர் பாடசாலையில் ஓடியவர்கள், பந்தெறிந்தவர்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

வாசிக்கும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அணிகள் வேண்டாம், முதல் வருடம் நான்கு அணிகள் போதும். நான்கு அணிகள் இரண்டு தடவை மோதினால் 12 ஆட்டங்கள், ஆறு சனிக்கிழமைகள். மோசமாக ஆடுவீர்கள், முதல் பாஸ் கோட்டுக்கு வெளியே போகும். பரவாயில்லை. தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு.

என் சக மாணவியரிடமும் ஒன்று கேட்கிறேன். பரீட்சை முடிந்த அன்று சப்பாத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் எங்கள் வகுப்பும் கீழ் வகுப்பும்.

பத்தொன்பதாவது பெயர் ராத்தாவுடையது. போன வாரம் அவராகவே கேட்டு எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் பழையபடி அதையே கேட்டார். இந்த முறை அவருக்கு நான் ஒரு திகதி சொல்ல வேண்டும்.